மனச்சோர்வுக்கு வைத்தியம்: முதல் ஆறு வாரத்தைத் தாண்டுவது எப்படி

மனச்சோர்வு கிளினிக்குக்கு வரும்போது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. "கை கால் அசதியா இருக்கு", "தலை கனக்குது", "நெஞ்சு பாரமா இருக்கு", "சோறு இறங்க மாட்டேங்குது" என்றுதான் வருகிறது. சுங்கை சிப்புட், பீடோர், நிபோங் திபால், குளுவாங் என்று தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த பட்டணங்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான். பனடோலும் கேஸ்ட்ரிக் மருந்தும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அடுத்த மாதமும் அதே அசதி. இப்படியே அரை வருடம் ஓடிவிடும். அதற்குள் வேலையில் எச்சரிக்கைக் கடிதம், வீட்டில் சண்டை, பிள்ளைகளோடு பேச்சு வார்த்தை இல்லாமை என்று மற்றவை சேர்ந்துகொள்ளும்.

இது ஏதோ சிலருக்கு வருகிற நோய் இல்லை. மலேசிய சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு இருப்பது தெரியவந்தது. 2019இல் அது 2.3 விழுக்காடு.

வைத்தியம் இருக்கிறது, செலவும் அதிகமில்லை. ஆனால் பாதி வழியில் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். பலர் விடுவது முதல் ஆறு வாரத்துக்குள். அதனால் இந்த வழிகாட்டி அந்த ஆறு வாரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசும்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், மற்றதை அப்புறம் படியுங்கள். "செத்துடலாம்னு தோணுது" என்ற பகுதிக்கு நேராகப் போங்கள். அவசரம் என்றால் 999.

கவலையா, நோயா?

கவலை எல்லாருக்கும் உண்டு. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், மகன் சிங்கப்பூருக்குப் போய்விட்டான் என்றால் மனம் வாடத்தான் செய்யும். ஆனால் நல்ல செய்தி வந்தால், பேரப்பிள்ளை மடியில் வந்து உட்கார்ந்தால், கொஞ்ச நேரமாவது முகம் மலரும். மனச்சோர்வில் அது நடப்பதில்லை. பிடித்த சமையல், பந்து விளையாட்டு, கோயில் திருவிழா எதுவும் உள்ளே இறங்காது. நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அதை நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

டாக்டர்கள் பயன்படுத்தும் பி.ஹெச்.கியூ-9 என்ற கேள்விப் பட்டியலை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். கடந்த இரண்டு வாரத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுங்கள்: இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதிக்கு மேற்பட்ட நாள் என்றால் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. கேட்கப்படுவது இவை: எதிலும் நாட்டம் இல்லாமை, மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து கிடப்பது, தூக்கம் வராமை அல்லது அளவுக்கு மீறிய தூக்கம், களைப்பு, பசியின்மை அல்லது அதிகமாகச் சாப்பிடுவது, "நான் எதுக்கும் லாயக்கில்லை, குடும்பத்தைக் கெடுத்துட்டேன்" என்ற நினைப்பு, டி.வி. பார்க்கவோ பேப்பர் படிக்கவோ கூட கவனம் நிற்காமை. மற்றவர்கள் கவனிக்கிற அளவுக்குப் பேச்சும் அசைவும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது. செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ வரும் எண்ணம்.

மொத்தம் 27. ஐந்துக்குக் கீழ் இருந்தால் பயமில்லை. 5 முதல் 9 வரை லேசானது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். 10 வந்துவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 15க்கு மேல் என்றால் இந்த வாரமே, 20க்கு மேல் என்றால் நாளைக்கே. கடைசிக் கேள்விக்கு 1 போட்டிருந்தால்கூட, மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

ஆண்களிடம் இது வேறு முகம் காட்டும். அழுகையைவிட எரிச்சல், கை ஓங்குவது, திடீரென்று கூடிப்போன குடி, மோட்டாரை வெறியாக ஓட்டுவது என்று வரும். பதின்ம வயதுப் பிள்ளைகளும் அப்படித்தான்: பள்ளி மட்டம், அறைக்கதவைச் சாத்திக்கொள்வது, சின்ன விஷயத்துக்கும் சீறுவது. பிள்ளை பெற்றவளுக்கு முதல் இரண்டு வாரம் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் தொடர்ந்தால், பிள்ளையைத் தூக்கவே மனமில்லை என்றால், தடுப்பூசிக்குப் போகும்போது மிஸ்ஸியிடம் சொல்லிவிடுங்கள். அதற்கென்றே பத்துக் கேள்வி கொண்ட பட்டியல் அவர்களிடம் உண்டு. பால் கொடுக்கும் தாய்க்கும் பொருத்தமான மாத்திரை இருக்கிறது.

கிளினிக்குக்குப் போகும் முன்

முதலில் அரசாங்க கிளினிக், அதாவது கிளினிக் கெசிஹாத்தான். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி, மருந்தும் அதற்குள் அடக்கம். சிவப்பு ஐசி வைத்திருப்பவர்களுக்குக் கட்டணம் வேறு, கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். தொழிற்சாலையின் பேனல் கிளினிக்குக்கும் போகலாம். ஆனால் அங்கே பில் கம்பெனிக்குப் போகும். வேலை இடத்துக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு அரசாங்க கிளினிக்தான் நிம்மதி. தோட்டத்திலேயே டிரஸர் இருந்தால் அவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் நல்லது.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் வாய் அடைத்துப்போகும். மலாயில் சொல்ல வேண்டும் என்றால் இன்னும் மோசம். வெளியே நாற்பது பேர் காத்திருக்க, டாக்டர் "ஆப்பா சாக்கிட்?" என்று கேட்க, "பெனிங் கெப்பாலா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். அதனால் முந்தின நாள் ராத்திரியே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது. ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது. உடம்பு எத்தனை கிலோ இறங்கியிருக்கிறது. வேலைக்கு எத்தனை நாள் மட்டம். தினமும் என்னென்ன மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் சாப்பிடுகிறீர்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் (பீர் எத்தனை டின், சம்சு எத்தனை பாட்டில் என்று உள்ளபடி). பி.ஹெச்.கியூ மதிப்பெண். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா. தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, மகளோ மருமகனோ பக்கத்தில் இருந்து சொல்லலாம். தனியாகப் போகிறவர்கள் இந்த நாலு வார்த்தையைத் தாளின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள்: "சூசா தீடோர்" என்றால் தூக்கம் வரவில்லை, "ஹீலாங் செலேரா" என்றால் சாப்பிடப் பிடிக்கவில்லை, "தாக் அடா செமாங்காட்" என்றால் எதிலும் ஊக்கமில்லை, "கெமுருங்ஙான்" என்றால் மனச்சோர்வு. கடைசி வார்த்தையைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். அதைச் சொன்னால்தான் டாக்டர் அந்தப் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்பார்.

இன்னொன்றையும் மறக்காமல் சொல்ல வேண்டும். வாழ்க்கையில் எப்போதாவது, தூக்கமே இல்லாமல் நாள் கணக்கில் அசுர வேகத்தில் வேலை செய்து, காசைத் தண்ணீராகச் செலவழித்து, நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்த காலம் இருந்ததா? இருந்தால் அது இருதுருவ நோயாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் ஆள் எதிர்ப் பக்கம் எகிறிவிட வாய்ப்புண்டு. மருந்தே வேறு.

கிளினிக்கில் நடப்பது

ஐசி காட்டி, நம்பர் வாங்கி, பிரஷரும் எடையும் பார்த்த பிறகு டாக்டர் அறை. ரத்தப் பரிசோதனை எழுதினால் "மனசு சரியில்லைன்னு வந்தா ரத்தம் எடுக்கிறாங்களே" என்று குழம்ப வேண்டாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே அசதி, இதே மந்தம் வரும். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். இந்த நாட்டில் இந்தியர்களிடையேதான் இனிப்புநீர் அதிகம். பல வருடமாக மெட்ஃபோர்மின் என்ற இனிப்புநீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்துபோகலாம், அதுவும் சோர்வைக் கொடுக்கும். அதனால் இனிப்புநீர் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

லேசான சோர்வுக்கு மாத்திரை இல்லாமல் ஆலோசனையும் கீழே சொல்லும் அன்றாடப் பயிற்சியும் போதும் என்று டாக்டர் சொல்லலாம். நடுத்தரத்துக்கு மேல் என்றால் மாத்திரை தொடங்குவார், அல்லது பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார். சுங்கை சிப்புட்காரர்களுக்கு அது பெரும்பாலும் ஈப்போ. நிபுணர் கிளினிக்கில் ஒரு முறைக்கு 5 வெள்ளி. மெந்தாரி என்ற பெயரில் சுகாதார அமைச்சு நடத்தும் சமூக மனநல மையங்களும் உண்டு. அங்கே வார்டு வாடையே இருக்காது, வேலைக்குத் திரும்பவும் கைகொடுப்பார்கள். பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று டாக்டரையே கேளுங்கள்.

கடிதத்தைப் பார்த்ததும் நம் வீடுகளில் கிளம்பும் முதல் பயம், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்களா?" என்பதுதான். அங்கே 1911இல் தொடங்கிய உலு கிந்தா பஹாகியா மனநல ஆஸ்பத்திரியின் பெயரை வசைச்சொல்லாகவே ஆக்கிவைத்திருக்கிறோம். மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்ப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டு வேலைக்குப் போகிறவர்கள். உயிருக்கு ஆபத்து இருந்தாலோ, சாப்பாடு தண்ணீர் இல்லாமல் கிடந்தாலோதான் வார்டு. அப்படிச் சேர்ந்தவர்களும் குணமாகி வீடு திரும்புகிறார்கள். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி யாரையும் கேலி செய்யாதீர்கள். அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்தவர்தான் நாளைக்கு டாக்டரிடம் போகாமல் வீட்டில் அடைந்து கிடப்பார்.

மாத்திரை: வாரம் வாரமாக

வழக்கமாகத் தருவது செர்ட்ராலின், ஃபுளுவோக்செட்டின், எஸ்சிட்டலோப்ராம் இவற்றில் ஒன்று. செர்ட்ராலின் 25 அல்லது 50 மில்லிகிராம், ஃபுளுவோக்செட்டின் 20, எஸ்சிட்டலோப்ராம் 5 அல்லது 10 என்று குறைவாகத் தொடங்கி, தேவைப்பட்டால் கூட்டுவார்கள். இவை போதை மாத்திரை இல்லை, சாப்பிடச் சாப்பிட இன்னும் வேண்டும் என்று இழுக்காது.

முதல் வாரம்தான் சோதனை. குமட்டல், வயிறு கலக்கல், தலைவலி, கை நடுக்கம், ஒரு மாதிரி பதற்றம் எல்லாம் வரலாம். மனசோ கொஞ்சம்கூடத் தெளியாது. தொல்லை முதலில் வந்து பலன் பின்னால் வருவதால், "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல" என்று நாலாம் நாளே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பசியாறிய பிறகு சாப்பிட்டால் குமட்டல் குறையும். மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் தூக்கமாக வருகிறது என்றால் ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றும், தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் காலைக்கு மாற்றலாமா என்றும் டாக்டரைக் கேளுங்கள். விடியற்காலை பெரட்டுக்குப் போய்க் குலை வெட்டுகிறவர், மோட்டார் ஓட்டுகிறவர், மெஷினில் நிற்கிறவர் முதல் மாத்திரையை மறுநாள் லீவு இருக்கும்போது தொடங்குவது நல்லது. தலை சுற்றுகிறதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

இரண்டாம் வாரம் வாக்கில் குமட்டல் அடங்கும். முதலில் திரும்புவது பெரும்பாலும் தூக்கமும் பசியும். மனம் அதற்குப் பின்னால்தான் வரும். வீட்டார் கண்ணுக்குத்தான் மாற்றம் முதலில் படும்: குளித்துவிட்டு வருகிறார், கேட்டால் பதில் சொல்கிறார். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் மாற்றம் தொடங்கி, முழுப் பலன் ஆறு முதல் எட்டு வாரத்தில் தெரியும். நான்கு வாரம் தவறாமல் சாப்பிட்டும் கொஞ்சமும் அசைவில்லை என்றால் அளவைக் கூட்டவோ மருந்தை மாற்றவோ டாக்டர் இருக்கிறார். முதல் மருந்து எடுபடாமல் இரண்டாவதில் தேறியவர்கள் நிறைய.

25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைத் தொடக்க வாரங்களில் கூர்ந்து கவனிக்க வேண்டும். இந்த வயதில் சிலருக்கு ஆரம்பத்தில் பதற்றமும் சாகும் எண்ணமும் கூடலாம். அப்படித் தெரிந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள்.

ஆண்கள் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தாம்பத்தியத்தில் ஆசை குறைவது, முடிவுக்கு வரத் தாமதமாவது. இது இந்த மாத்திரைகளின் தெரிந்த பக்கவிளைவு. டாக்டருக்குப் புதிதல்ல, அளவைக் குறைக்கவும் வேறு மருந்துக்கு மாற்றவும் வழி இருக்கிறது. லேடி டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், ஆண் டாக்டர் வேண்டும் என்று கவுண்டரிலேயே கேட்கலாம்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அன்றைக்கே ஞாபகம் வந்ததும் சாப்பிடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் கரண்டு அடிப்பது போன்ற சுரீர் எல்லாம் வரும். "பார்த்தியா, மருந்து அடிமையாக்கிடுச்சு" என்று அதற்குத் தப்பர்த்தம் எடுக்கிறார்கள். படிப்படியாகக் குறைத்தால் இது பெரும்பாலும் வராது.

வலிக்காக டிரமாடோல் சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அதுவும் மனச்சோர்வு மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் அல்ப்ராஸோலாம் மாதிரி மாத்திரை கொடுத்திருந்தால், அதுதான் பழக்கமாகிவிடக் கூடியது. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் நீளக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தாரே என்று ஒருவர் மாத்திரையை இன்னொருவர் சாப்பிடவே கூடாது.

நோட்டுப் புத்தகம்

மாத்திரை பாதி வேலை செய்யும். மீதிக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டும் பென்சிலும் போதும். மனச்சோர்வில் "மனசு சரியானதும் எழுந்து வேலை பார்க்கலாம்" என்று படுத்திருப்போம். படுக்கப் படுக்க மனம் இன்னும் கீழே போகும். வழியைத் திருப்பிப் போட வேண்டும்: மனம் வராவிட்டாலும் ஒரு சின்னக் காரியத்தை முதலில் செய்வது, மனம் அதன் பின்னால் வரும். சிகிச்சையாளர்கள் இதையே முறையாகச் சொல்லிக்கொடுத்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள்.

முதல் மூன்று நாள் எதையும் மாற்ற வேண்டாம். செய்ததை மட்டும் எழுதி, பக்கத்தில் அப்போது மனம் எப்படி இருந்தது என்று பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "காலை 9, இன்னும் படுக்கையில், 1. 10 மணி, கோப்பி கலக்கிக் குடித்தேன், 2. 10.30 முதல் 1 வரை கையில் போன், 1. மதியம், சோறு அரைத் தட்டு, 2. நாலு மணி, வாசலில் உட்கார்ந்தேன், எதிர் வீட்டுப் பாட்டி பேசிக்கொண்டிருந்தார், 4. ராத்திரி, போன், 1." இந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். போன் கையில் இருந்த நேரமெல்லாம் 1. பாட்டியோடு பேசிய கால் மணி நேரத்துக்கு 4. நாள் முழுக்க ஒரே இருட்டு என்று தோன்றினாலும் நோட்டு அப்படிச் சொல்லவில்லை. நாலு மணிக்கு வாசலில் உட்காருவதுதான் முதல் மருந்து. நாளைக்கும் அதே நேரத்துக்கு அதை எழுதிவையுங்கள்.

அடுத்து, ஒரு நாளைக்கு இரண்டு காரியம் மட்டும் முன்கூட்டியே எழுதுங்கள். ஒன்று செய்து முடிக்க வேண்டியது, மற்றொன்று முன்பு பிடித்திருந்தது. சிறியதாக இருக்க வேண்டும், நேரம் போட்டிருக்க வேண்டும். "வீட்டைச் சுத்தம் செய்வது" என்று எழுதினால் தோற்பீர்கள். "காலை 10 மணிக்கு அடுப்படி சிங்கில் உள்ள மங்குகளை மட்டும் கழுவுவது" என்று எழுதுங்கள். "உடற்பயிற்சி" என்று எழுதாதீர்கள். "மாலை 6 மணிக்குப் பாடாங்கை ஒரு சுற்று நடப்பது" போதும். பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, அரை மணி நேரம், வாரம் மூன்று முதல் ஐந்து நாள் என்று வந்துவிட்டால் நடையே சோர்வைக் குறைக்கும். ஒன்றைச் செய்ய முடியவில்லை என்றால் உங்களைத் திட்டிக்கொள்ளாமல் அந்தக் காரியத்தைப் பாதியாக வெட்டுங்கள். நாலு மங்குகளைக் கழுவ முடியவில்லையா, நாளைக்கு இரண்டு.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு, நல்ல நாள் ஒன்று வந்ததும் மூன்று வார வேலையை ஒரே நாளில் இழுத்துப் போட்டுச் செய்வது. மறுநாள் உடம்பு சாய்ந்துவிடும், "பழையபடி ஆயிடுச்சே" என்று மனமும் சாயும். நல்ல நாளிலும் இரண்டோடு நிறுத்துங்கள்.

தூக்கமும் தண்ணியும்

எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழுந்திருக்கும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். படுத்து இருபது நிமிடத்தில் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து ஹாலில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பிப் போங்கள். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு கோப்பி, தே தாரிக் இரண்டும் வேண்டாம். தேத்தண்ணியிலும் தூக்கத்தைக் கெடுக்கும் சரக்கு இருக்கிறது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் மாறி மாறி வருபவர்கள், சோர்வு தெளியும்வரை பகல் ஷிப்டில் மட்டும் போடும்படி டாக்டரிடம் கடிதம் கேட்கலாம்.

குடித்தால் தூக்கம் வரும், ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கிப் போடும். மறுநாள் சோர்வு இரட்டிப்பாகும், மாத்திரையின் பலனும் அடிபடும். நிறுத்துவது நல்லதுதான், ஆனால் பல மாதமாகத் தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு வரை போகும். டாக்டரிடம் சொன்னால் அதற்கு மருந்து கொடுத்துக் குறைப்பார்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"உனக்கு என்ன குறை?" என்று கேட்காதீர்கள். "எங்க காலத்துல விடியாமலே போய்ப் பால் வெட்டி, பத்துப் பிள்ளையை வளர்த்தோம், எங்களுக்கெல்லாம் இதெல்லாம் வந்துச்சா?" என்பது தோட்டத்து வீடுகளில் தாத்தா பாட்டி முதல் பெரியப்பா வரை சொல்வது. அவர்கள் பட்ட பாடு உண்மை. ஆனால் கேட்பவருக்கு அது, "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்று அவர் மனமே சொல்லிக்கொண்டிருப்பதை உறுதி செய்வதாகத்தான் விழும்.

இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "அக்கா, ரெண்டு வாரமா உங்களை ஒரு மாதிரியா பார்க்கிறேன். சரியா சாப்பிடுறதும் இல்ல. என்ன செய்யுது, சொல்லுங்க." கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். உடனே வழி சொல்லாதீர்கள். பேசவில்லை என்றால் வற்புறுத்தாமல் மறுநாள் திரும்பக் கேளுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று விட்டால் அவர் சொல்ல மாட்டார். கேட்கிற தெம்பு இருந்தால் அவருக்கு நோயே இல்லை. "வியாழக்கிழமை காலையில நான் வந்து கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன், ஏழு மணிக்கு ரெடியா இருங்க" என்று சொல்லுங்கள். சோறு கொண்டுபோனால் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுங்கள். பிள்ளைகளைப் பள்ளியில் இருந்து ஏற்றிவருவது, கரண்டு பில் கட்டுவது மாதிரி ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சாமி பார்ப்பது, கயிறு கட்டுவது, முனீஸ்வரனுக்குப் படையல் போடுவது எல்லாம் மனத்துக்குத் தெம்பு தரும் என்றால் செய்யலாம், கோயிலுக்குப் போவதே வீட்டை விட்டு வெளியே வருவதுதானே. இரண்டு இடத்தில் மட்டும் உறுதியாக நில்லுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கேட்கக் கூடாது. அடித்து, பட்டினி போட்டு, ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்டு "செய்வினை எடுக்கிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

"செத்துடலாம்னு தோணுது"

கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்பதால் பாரம் இறங்குகிறது. நேராகவே கேளுங்கள்: "உசிரை விட்டுடலாம்னு நினைப்பு வருதாப்பா?" ஆமாம் என்றால் எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். யோசித்து வைத்திருக்கிறார் என்றால் தனியாக விடாதீர்கள், ஒரு நிமிடம்கூட. அன்றைக்கே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது 999ஐ அழையுங்கள்.

வீட்டிலும் கொல்லையிலும் ஸ்டோரிலும் இருக்கும் களைக்கொல்லி, பூச்சி மருந்து எல்லாவற்றையும் அன்றே வேறு இடத்துக்கு எடுத்துப் போய்விடுங்கள். பாராகுவாட்டை மலேசியா 2020இல் தடை செய்துவிட்டது, என்றாலும் தோட்டங்களில் பழைய மிச்சம் மினரல் பாட்டிலில் கிடப்பது உண்டு. வீட்டில் உள்ள மாத்திரைகள் அனைத்தும் இன்னொருவர் கையில் பூட்டி இருக்கட்டும், அன்றன்றைக்கு உரியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். சாகும் வேகம் பலருக்குச் சில நிமிடமோ சில மணியோதான் உச்சத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது.

பேச வேண்டும் என்றால் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. குடும்ப வன்முறையும் சேர்ந்திருந்தால் தாலியான் காசே 15999. தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, முயற்சி செய்தவரை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாமல் மறைத்த குடும்பங்கள் உண்டு. அந்தப் பயம் இனி வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

வேலையும் எம்.சி.யும்

மனச்சோர்வுக்கு டாக்டர் தரும் எம்.சி.யும் (நோய் விடுப்புச் சீட்டு) மற்ற எம்.சி. போலத்தான். தீபகற்பத்தில் வேலைச் சட்டப்படி, சம்பளத்தோடு நோய் விடுப்பு இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்கினால் 60 நாள். சீட்டில் நோயின் பெயர் எழுத வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். மண்டோரிடம் "உடம்பு சரியில்ல, ட்ரீட்மெண்ட் போயிட்டு இருக்கேன்" என்றால் போதும். சொல்லாமல் கொள்ளாமல் மட்டம் போடுவதுதான் வேலையைப் பறிக்கும். நீண்ட எம்.சி. எல்லாருக்கும் நல்லதில்லை, வீட்டில் சும்மா இருந்தால் சோர்வு கூடுகிறவர்கள், லேசான வேலையாவது பார்ப்பது தேவலை.

தேறிய பிறகு

நன்றாகிவிட்டது என்று மாத்திரையை விடுவதுதான் இரண்டாவது பெரிய தவறு. முதல் முறை வந்தவர், முழுதாகத் தேறிய நாளில் இருந்து குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம் அதே அளவில் சாப்பிட வேண்டும். முன்பும் வந்திருக்கிறது என்றால் இரண்டு வருடமோ அதற்கு மேலுமோ ஆகலாம். நிறுத்தும்போது டாக்டர் வாரக்கணக்கில் குறைத்துக்கொண்டு வருவார்.

மாத்திரை தீரும் தேதியையும் அடுத்த அப்பாயின்மெண்ட் தேதியையும் காலண்டரில் எழுதிவையுங்கள். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் ஊருக்குப் போகிறவர்கள் மாத்திரையை வீட்டில் மறந்துவிட்டுப் போய் ஒரு வாரம் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஐசி வைக்கும் பர்ஸிலேயே மூன்று நாள் மாத்திரை தனியாக இருக்கட்டும்.

திரும்ப வருவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம் தெரியும். ஒருவருக்கு விடியற்காலை விழிப்பு, ஒருவருக்கு போன் வந்தால் எடுக்காமை, இன்னொருவருக்குக் குளிக்காமல் இருப்பது. உங்களுக்கு எது முதலில் வந்தது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள். அதே அடையாளம் ஒரு வாரம் தொடர்ந்தால், அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்துத்தான் என்றாலும், அந்த வாரமே கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுங்கள்.